அண்டர்கிரவுண்ட் காமிக்ஸ்: நையாண்டியா, ஆபாசத்துக்குச் சாக்கா?

காட்பாடி வாசகன்:
முத்து, லயன் காமிக்ஸ் படித்து வளர்ந்தவன் நான். அண்மையில் 1960களின் அமெரிக்க அண்டர்கிரவுண்ட் காமிக்ஸ் பக்கம், அதாவது பெரிய பதிப்பகங்களுக்கு வெளியே, தணிக்கைக்கு உட்படாமல் வந்த காமிக்ஸ் பக்கம் போனேன். ராபர்ட் கிரம்பின் 'ஸாப் காமிக்ஸ்' முதல் இதழில் (1968) சில பக்கங்களுக்கு வாய்விட்டுச் சிரித்தேன்; சில பக்கங்களை வீட்டில் யாரும் பார்த்துவிடுவார்களோ என்று அவசரமாகப் புரட்டினேன். இதில் நையாண்டி எவ்வளவு, வெறும் வக்கிரம் எவ்வளவு? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

ஆற்காடு கூத்துப்பித்தன்:
நண்பரே, முதலில் 1954க்குப் போங்கள். அந்த ஆண்டு அமெரிக்க காமிக்ஸ் பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே ஒரு தணிக்கை விதித்தொகுப்பை வகுத்துக்கொண்டார்கள். போலீஸ், நீதிபதி, அரசு அதிகாரி ஆகியோர் மீது மரியாதை குறையும்படி எதையும் காட்டக் கூடாது என்பது அதில் ஒரு விதி. காமத்துக்கும் தடை, அதிகாரத்தைச் சீண்டவும் தடை. அதனால்தான் மீறியவர்கள் இரண்டையும் ஒரே பக்கத்தில் போட்டு மீறினார்கள். 'ஸாப்' அட்டையிலேயே, வயதுவந்த அறிவுஜீவிகளுக்கு மட்டும் என்று ஓர் எச்சரிக்கை இருக்கும். அதுவே கிண்டல்தான்.

நம் பக்கத்துத் திரௌபதி அம்மன் திருவிழாக் கூத்தில் கோமாளியாக வரும் கட்டியங்காரன் பேசாத பச்சையா? துரியோதனன் கொலுவில் இருக்கும்போதே அவன் வீராப்பைக் கந்தலாக்குவான். முன்வரிசையில் பாட்டிமார்கள் உட்கார்ந்து சிரிப்பார்கள். அடி சிம்மாசனத்தில் விழுகிறது, அதனால் பச்சை உறுத்துவதில்லை. கிரம்ப் தன்னையே கூனிக் குறுகிய காமாந்தகாரனாக வரையும் இடங்களையும் இந்தக் கணக்கில் சேர்ப்பேன். கறுப்பினப் பெண்ணை அவர் வரைந்த விதத்தை ஒருபோதும் சேர்க்க மாட்டேன். 'இனவெறியைத்தான் கேலி செய்தேன்' என்ற சமாதானம் எனக்குச் செல்லாது. படத்தில் அடி வாங்குவது அவள்தானே?

குடியாத்தம் மல்லிகா:
கூத்துப்பித்தன் அண்ணா, கட்டியங்காரனுக்கு இவ்வளவு வெள்ளையடிக்க வேண்டாம். அரசனைக் கிண்டலடித்த கையோடு பெண்களையும்தான் வம்புக்கு இழுக்கிறான். முன்வரிசையில் நானும் உட்கார்ந்திருக்கிறேன்.

கேட்டவருக்கு: காமிக்ஸ் ஓவியர் டிரினா ராபின்ஸைப் படியுங்கள். ஆண்களின் இந்தக் கூட்டத்தில் பெண்களுக்கு இடமில்லை என்று கண்டு, 1970இல் தோழிகளோடு சேர்ந்து பெண்களே உருவாக்கிய இதழைக் கொண்டுவந்தவர். 1972இல் 'விம்மென்ஸ் காமிக்ஸ்' தொடங்கியவர்களிலும் அவர் உண்டு. மாதவிடாய், கருக்கலைப்பு, பெண்ணை விரும்பும் பெண் எல்லாம் அதில் வரும். அழுது வடியவில்லை, சிரித்துக்கொண்டே குத்தினார்கள். பத்துப் பக்கக் கண்டனக் கட்டுரைக்கு அந்த வலு கிடையாது.

சத்துவாச்சாரி பழைய புத்தகம்:
ஒரு சின்னச் செய்தி. இந்த இதழ்கள் பெரும்பாலும் ஹிப்பிகளின் புகைச்சாமான் கடைகளில் விற்றன. எது ஆபாசம் என்பதை அந்தந்த ஊர் வழக்கப்படி அளக்கலாம் என்று 1973இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னதும் கடைக்காரர்கள் பயந்து பின்வாங்கினார்கள்.

காட்பாடி வாசகன்:
நன்றி. மல்லிகா அம்மா சொன்ன 1972 இதழிலிருந்து தொடங்குகிறேன். கூத்துப்பித்தன் ஐயா, அடுத்து உங்கள் பக்கம் கூத்து வைத்தால் தேதி போடுங்கள்.

ஆற்காடு கூத்துப்பித்தன்:
போடுகிறேன். மல்லிகா அம்மாவும் வரட்டும், கட்டியங்காரனிடமே நேரில் கேட்கட்டும். அவன் பதில் சொல்லாமல் விடமாட்டான்.

குடியாத்தம் மல்லிகா:
வருகிறேன். மைக்கை என்னிடம் கொடுக்கச் சொல்லுங்கள்.