ஏரல் ஆச்சி பிள்ளைகள் (குடும்ப வாட்ஸ்அப் குழு)

பிரின்ஸ், காலை 6:10
எல்லோருக்கும் தோத்திரம். தூத்துக்குடி மாவட்டத்துக்கு இன்றைக்கும் நாளைக்கும் ரெட் அலர்ட். ஆற்றில் தண்ணீர் கூடிக்கொண்டே வருது. ஆச்சியைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டேன். வீட்டை விட்டு வர மாட்டேன் என்று ஒரே பிடிவாதம்.

எஸ்தர்
எவ்வளவு தண்ணீர் பிரின்ஸ்?

பிரின்ஸ்
பாலத்துக்கு நிறைய கீழேதான் இருக்கு. ஆனால் நிறம் மாறிவிட்டது. செம்மண் கலர்.

தங்கராஜ்
அம்மா என்ன சொல்கிறார்கள்?

பிரின்ஸ்
"கர்த்தர் பாத்துக்கிடுவாரு, நீ கடையைப் போயி பாரு"

ஜெபராஜ்
அனைவருக்கும் காலை வணக்கம். அம்மாவின் விசுவாசத்தைக் குறைவாக நினைக்க வேண்டாம். கர்த்தரே அடைக்கலம் என்று சொல்லும் சங்கீதம் 91 முழுவதையும் மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர்கள் நம் குடும்பத்தில் அவர்கள் ஒருவர்தான். நமக்கு இது புதிதல்ல. சாத்தான்குளம் பக்கத்து முதலூரையே எடுத்துக்கொள்ளுங்கள். கிறிஸ்தவர்களானதால் ஊரில் இருக்க முடியாமல் துரத்தப்பட்டவர்களுக்காக 1799-இல் தாவீது சுந்தரானந்தம் நிலம் வாங்கி உண்டாக்கிய ஊர் அது. பனைமரமும் தேரிமணலும் தவிர என்ன இருந்திருக்கும்? ஆனாலும் ஆண்டவரை நம்பிப் போனார்கள். ஆகவே அடைக்கலம் என்பது

ஜெபராஜ்
(தொடர்ச்சி) கை பட்டு அனுப்பிவிட்டது. ஆகவே அடைக்கலம் என்பது வெறும் கட்டடமல்ல.

ஷெரின்
சித்தப்பா முதலூர் என்றதும் ஞாபகம் வருது. இந்தக் கிறிஸ்மஸுக்கு அந்த ஊர் மஸ்கோத் அல்வா யார் வாங்கி அனுப்புவது? போன தடவை வந்தது எண்ணெயே இல்லாமல் இறுகிப்போயிருந்தது

டேனியல்
🙋‍♂️ எனக்கும் ஒரு கிலோ

எஸ்தர்
பிள்ளைகளா, அம்மா விஷயம் முடியட்டும்

டேனியல்
அப்பா, நீங்கள் சொன்ன முதலூர்க்காரர்கள் அடி விழுந்த ஊரிலேயே உட்கார்ந்து ஜெபிக்கவில்லையே. கிளம்பித்தானே போனார்கள்?

பிரின்ஸ்
😂

செல்வின்
👍

ஜெபராஜ்
டேனி, குழுவில் பேசும்போது மரியாதை.

தங்கராஜ்
2023 மாதிரி ஆகிவிடக்கூடாது. அந்த டிசம்பர் 17 ஞாயிறு ராத்திரி டவர் போனது. அதன் பிறகு அம்மா இருக்கிறார்களா இல்லையா என்றே தெரியாமல் நான் இங்கே சென்னையில் தரையில் உட்கார்ந்திருந்தேன். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை என்று டிவியில் ஓடுது, எனக்கு அது என்ன கணக்கு என்றே புரியவில்லை.

கிரேஸ்
உங்க அண்ணன் அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. நான்தான் கட்டாயப்படுத்திக் காப்பி கொடுத்தேன்

பிரின்ஸ்
ஆச்சி அப்போது எதிர்வீட்டு மாடியில் ஜாலியாகத்தான் இருந்தாங்க மாமா. கிறிஸ்மஸுக்குச் சுட்டு வைத்த முந்திரிக்கொத்து டின்னைத் தலையில் வைத்துக்கொண்டு ஏறியிருக்காங்க. ஹெலிகாப்டர் பொட்டலம் எங்கள் தெருவுக்கு வரவே இல்லை. மாடியில் இருந்த மொத்தப் பேருக்கும் அந்த டின்தான். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. பெரியவர்களுக்குப் பாதி. எதிர்வீட்டு அக்கா இன்னும் அதைச் சொல்லிச் சிரிப்பாங்க, "கிழவி ரேஷன் கடைக்காரியைவிடக் கறார்" என்று.

ஷெரின்
❤️❤️

எஸ்தர்
என் வீட்டுக்காரர் கதை தனி. அன்றைக்கு ராத்திரி நாசரேத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் ஏறினவர்.

செல்வின்
ஆமா

எஸ்தர்
ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் வண்டி நின்றது, நின்றதுதான். செய்துங்கநல்லூர் போகிற வழியில் தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லியெல்லாம் அரித்துப்போய் விட்டதாம். கிட்டத்தட்ட 800 பேர். வண்டியை எடுக்கவே கூடாது என்று நிறுத்திவைத்த ஸ்டேஷன் மாஸ்டர் நல்லா இருக்கணும்.

டேனியல்
மாமா அங்கே கோயில் சாதம் சாப்பிட்ட கதையைச் சொல்லுங்க 😁

செல்வின்
பசி.

பிரின்ஸ்
புதுக்குடி ஊர்க்காரர்கள் அம்மன் கோயிலில் வைத்துப் பொங்கிக் கொண்டுவந்து கொடுத்தது. அப்பா அதுவரை கோயில் கொடை (திருவிழா) வீட்டுப் பொங்கலைக் கையால் தொட மாட்டார். அன்றைக்கு இரண்டு தட்டு.

செல்வின்
மூணு

ஜெபராஜ்
எலியா தீர்க்கதரிசிக்குக் காகம் கொண்டுவந்து கொடுத்தது. யார் கையால் என்று ஆண்டவர் பார்ப்பதில்லை.

டேனியல்
அப்பா, புதுக்குடிக்காரர்களைக் காகம் என்கிறீர்களா?

ஜெபராஜ்
நான் சொல்ல வந்தது அதுவல்ல.

தங்கராஜ்
ஜெபா நீ வெள்ளத்தில் ஆண்டவர் காப்பாற்றுவார் என்று வந்த படகையும் ஹெலிகாப்டரையும் திருப்பி அனுப்பினவன் ஜோக்கை மட்டும் எடுத்துவிடாதே. போன ஈஸ்டருக்கே கேட்டாச்சு.

ஜெபராஜ்
அண்ணா அது ஜோக் அல்ல, உவமை.

கிரேஸ்
*பலமுறை பகிரப்பட்டது*
அவசரம்!!! மணிமுத்தாறு அணை உடைந்தது!! ஆற்றோர மக்கள் உடனே ஓடவும்!! அனைவருக்கும் பகிரவும்!!

எஸ்தர்
ஐயோ

பிரின்ஸ்
அத்தை அது பொய். தயவுசெய்து அழித்துவிடுங்க. 2023-லும் இதேதான் சுற்றியது, ஆள்கள் விழுந்தடித்து ஓடினாங்க. கலெக்டர் ஆபீஸ் 1077-க்குப் போன் போட்டுக் கேளுங்க, சொல்வாங்க.

கிரேஸ்
எனக்கு வந்ததைத்தானே போட்டேன். எல்லாவற்றுக்கும் நான்தான் கிடைத்தேனா

எஸ்தர்
மைனி யாரும் உங்களை ஒன்றும் சொல்லவில்லை

கிரேஸ்
வெள்ளம் வடிந்து வீடு கழுவ வந்தபோதும் இதே பேச்சுதான். சகதி முழங்கால் வரை. பக்கம் பக்கமாக ஒட்டிப்போன பழைய வேதாகமத்தை எடுத்து வைத்து என்ன செய்வது? அதைத் தூக்கிப் போட்டதற்கு இன்னும் எனக்குப் பேச்சு

எஸ்தர்
அது அப்பாவோட வேதாகமம் மைனி. எங்கள் எல்லார் பிறந்த தேதியும் அதில் அப்பா கையெழுத்தில் இருந்தது.

தங்கராஜ்
இப்போது வேண்டாம் இது.

செல்வின்
🙏

டேனியல்
எனக்கு ஒரு சந்தேகம். யாரும் கோபப்படக் கூடாது. ஆச்சி தெருவில் பால் ஊற்றுகிறவர் அந்த வெள்ளத்தில் போனார் இல்லையா? மாட்டை அவிழ்க்கப் போனவர். அவரும் ஞாயிறு தவறாமல் கோவிலுக்கு வருகிறவர்தான். அவர் வீட்டிலும் "கர்த்தர் என் அடைக்கலம்" என்று கதவுக்கு மேலே எழுதித்தான் இருந்தது. நம் ஆச்சி பிழைத்ததை மட்டும் அற்புதம் என்று சபையில் சாட்சி சொன்னால் அவர் மனைவி அதைக் கேட்டுக்கொண்டு எப்படி உட்கார்ந்திருப்பாங்க?

பிரின்ஸ்
அந்த அக்கா அன்றைக்குப் பாதியில் எழுந்து போயிட்டாங்க. நான் பார்த்தேன்.

ஜெபராஜ்
நியாயமான கேள்வி டேனி. சாட்சி சொன்னது நான்தான், அதனால் நானே பதில் சொல்கிறேன். அப்போஸ்தலர் 27-ஐ எடுத்துப் பார். பவுல் போன கப்பல் புயலில் சிக்குது, அதில் 276 பேர். ஒருவரும் சாக மாட்டீர்கள் என்று தூதன் வாக்குக் கொடுத்தாயிற்று. ஆனால் கப்பலாட்கள் சின்னப் படகை இறக்கித் தப்பி ஓடப் பார்த்தபோது, இவர்கள் கப்பலில் இல்லாவிட்டால் நீங்கள் பிழைக்க மாட்டீர்கள் என்று பவுலே நூற்றுக்கு அதிபதியிடம் சொல்கிறார். வாக்கும் இருக்கிறது, கப்பல் ஓட்டத் தெரிந்த ஆளும் வேண்டியிருக்கிறது. கடைசியில் கப்பல் உடைந்துதான் போனது. நீந்தத் தெரிந்தவன் நீந்தினான், மற்றவர்கள் பலகையைப் பிடித்துக்கொண்டு மெலித்தா தீவில் கரையேறினார்கள். பால்காரர் விஷயத்துக்கு இதுவும் பதில் இல்லை, எனக்குத் தெரியும். பிழைத்தவன் விசுவாசி, போனவன் அவிசுவாசி என்று வேதம் எங்கேயும் சொல்லவில்லை. விசுவாசத்துக்காகவே ஸ்தேவான் கல்லெறிந்து கொல்லப்பட்டவன்தானே.

டேனியல்
சரிப்பா. இது கொஞ்சம் பரவாயில்லை.

ஷெரின்
சித்தப்பா மெசேஜ் "மேலும் படிக்க" இல்லாமல் வந்தால் கர்த்தருடைய கிருபை 😅

எஸ்தர்
சின்னண்ணா, சங்கீதம் 91-ஐச் சொல்லி தேவாலயத்து உச்சியிலிருந்து இயேசுவைக் "கீழே குதி" என்றது யார்? மத்தேயு 4. தூதர்கள் தாங்குவார்கள் என்று வசனத்தோடுதான் வந்தான் அவன். அம்மாகிட்டே அதைச் சொல்லுங்க.

தங்கராஜ்
👏👏

பிரின்ஸ்
சொல்லியாச்சு அம்மா. உள்ளே போய் எடுத்துவந்த வாய்ஸ் கீழே.

பிரின்ஸ்
🎤 0:41

ஷெரின்
ஆபீஸில் இருக்கேன், என்ன சொன்னாங்க?

பிரின்ஸ்
"சாத்தான் சொன்னதும் தெரியும், ஆண்டவரு சொன்னதும் தெரியும். நான் ஒண்ணும் குதிக்கல, உக்காந்துதான் இருக்கேன். நாசரேத்துக்கு வரமாட்டேன். அங்க போனா ரெண்டாம் நாளே எப்பம் கெளம்புதீகன்னு கேக்கான். மெட்ராசுக்கும் வரமாட்டேன். காத்து இல்ல." அப்புறம் ஆடு கத்துகிற சத்தம்.

எஸ்தர்
எப்போ கேட்டாங்க அப்படி???

செல்வின்
டிக்கெட் போடத்தான் கேட்டேன்

டேனியல்
😂😂😂 ஆக விசுவாசம் எல்லாம் இல்லை, மாமாதான் காரணம்

தங்கராஜ்
மாப்பிள்ளை தப்பா எடுத்துக்காதீங்க.

செல்வின்
பரவாயில்ல மச்சான்

ஜெபராஜ்
பாளையங்கோட்டைக்கு அழைத்து வாருங்கள். நான் பார்த்துக்கொள்கிறேன்.

பிரின்ஸ்
உங்கள் வீட்டைப் பற்றியும் ஒன்று சொன்னாங்க மாமா. வாய்ஸில் வரவில்லை. ஜெபம் ரொம்ப நீளமாம், கால் மரத்துப்போகுதாம்.

ஷெரின்
🤣

பிரின்ஸ், காலை 9:35
நம் சபை ஐயர் (போதகர்) வந்து பேசினார். கோவிலுக்குப் பின்னால் பள்ளிக்கூடத்து மாடியைத் திறந்துவிட்டிருக்காங்க. அங்கே என்றால் வருவாங்களாம். இரண்டு ஆடும் கூட வரணுமாம்.

கிரேஸ்
மாடிக்கு ஆடா

பிரின்ஸ்
அதைத்தான் ஐயரும் கேட்டார். நோவா பேழையில் ஏற்றினாரே, நீங்க ஏற்ற மாட்டீங்களா என்று கேட்டாங்க. ஐயர் பதில் சொல்லாமல் போயிட்டார்.

தங்கராஜ்
மாத்திரை, சுகர் மெஷின், ஆதார் கார்டு எல்லாம் பிளாஸ்டிக் கவரில் கட்டு. குடிதண்ணீர் இரண்டு கேன். பவர் பேங்க் சார்ஜ் இருக்கா பார்.

பிரின்ஸ்
செய்துட்டேன் மாமா. ஆட்டுக்கு என்ன செய்வது?

எஸ்தர்
எதிர்வீட்டு மாடியில் கேட்டுப் பார்

பிரின்ஸ்
அவங்களே மதியத்துக்கு மேல் பள்ளிக்கூடத்துக்கு வராங்க

ஜெபராஜ்
இன்று இரவு 9 மணிக்கு எல்லோரும் வீடியோ காலில் சேர்ந்து குடும்ப ஜெபம் வைப்போம். சங்கீதம் 46. அந்தப் பால்காரர் குடும்பத்தையும் நினைத்துக்கொள்வோம். நீளமாக இருக்காது. லிங்க் யார் அனுப்புவது?

டேனியல்
நான் அனுப்புகிறேன். மாமா மியூட் போடத் தெரியாமல் போன தடவை முழுக்கக் குக்கர் விசில்

செல்வின்
அது எங்க வீடு இல்ல

பிரின்ஸ்
ஆடு??