கோல் சராசரியா, கோல் ஈவா?

செ.: வணக்கம். கால்பந்து வரலாற்று நூலின் தமிழாக்கத்தை வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். 1923–24, இங்கிலாந்து முதல் டிவிஷன். கார்டிஃப் சிட்டி, ஹடர்ஸ்ஃபீல்டு டவுன் இரண்டுக்கும் 42 ஆட்டத்தில் 57 புள்ளி. கார்டிஃப் 61 கோல் போட்டு 34 வாங்கியது. ஹடர்ஸ்ஃபீல்டு 60 போட்டு 33. கழித்தால் இருவருக்கும் 27. ஆனால் அன்றைய விதிப்படி, புள்ளி சமமானால் போட்ட கோலை வாங்கிய கோலால் வகுக்க வேண்டும்: கார்டிஃபுக்கு 1.794, ஹடர்ஸ்ஃபீல்டுக்கு 1.818. பட்டம் ஹடர்ஸ்ஃபீல்டுக்கு. இந்த எண்ணின் பெயர் ‘கோல் ஆவரேஜ்’. ‘கோல் சராசரி’ என்று போட்டால் ஆட்டத்துக்கு எத்தனை கோல் என்றல்லவா படிப்பார்கள்?

மு.: படிப்பார்கள். தவிர, சராசரி பாரசீகம். வகுத்தால் வருவது ஈவு. நாலாம் வகுப்புக் கணக்கு. ‘கோல் ஈவு’ எனலாம். ‘கோல்’ நம்முடையதே: அளவுகோல், துலாக்கோல், ஊன்றுகோல். நட்டு வைத்த கம்பம் கோல்தானே?

ந.: ஐயா, கார்டிஃப்காரன் 61 முறை கம்பத்தையா போட்டான்? ஈவு என்றதும் ஈவிரக்கம்தான் நினைவுக்கு வருகிறது.

மு.: வரட்டுமே, அதுவும் ஈ என்னும் வினையடிதான். தொல்காப்பியத்தின் எச்சவியலில் ஈ, தா, கொடு மூன்றுக்கும் யார் யாரிடம் கேட்பது என்று வரையறை உண்டு. இழிந்தோன் கேட்பது ஈ...

ந.: ஐயா, வெள்ளிக்கிழமை!

ப.: யாழ்ப்பாணத்தில் நாங்கள் உதைபந்தாட்டம் என்றுதான் சொல்லுறது. முதல்ல அதைத் தீர்ப்பமா?

செ.: அதற்கு அடுத்த பதிப்பு, அண்ணா. கடைசி நாளைப் பாருங்கள். பர்மிங்காமில் கார்டிஃபின் லென் டேவிஸ் பெனால்டியைக் கோட்டைவிட்டார்; ஆட்டம் 0–0. ஹடர்ஸ்ஃபீல்டு நாட்டிங்காம் ஃபாரஸ்டை 3–0 என வென்றது. அது 2–0 ஆகியிருந்தால் 59-ஐ 33-ஆல் வகுத்து 1.788, பட்டம் கார்டிஃபுக்கு. இந்தப் பத்தியில் வாசகர் கணக்குப் போட்டுப் பார்ப்பார். பெயரிலேயே வகுத்தல் தெரிய வேண்டும்.

ந.: அப்படியானால் ‘கோல் விகிதம்’. ரன் விகிதம் கேட்டுப் பழகிய காது. 1976–77-இல் வந்த கழித்தல் முறைக்குக் ‘கோல் வித்தியாசம்’. குழப்பம் தீர்ந்தது.

மு.: விகிதம், வித்தியாசம், இரண்டும் வடமொழி. தீர்ந்தது குழப்பமல்ல, தமிழ்.

ப.: எனக்கு விகிதம் சரி.

செ.: மூவர் விகிதம், ஒருவர் ஈவு. விகிதம் போடுகிறேன், மு. ஐயாவுக்காக முதல் இடத்தில் மட்டும் ‘வகுத்து வந்த ஈவு’ என்று ஒரு வரி.

மு.: அடிக்குறிப்பில் தள்ளாமல் பத்தியிலேயே போடுங்கள். பெனால்டிக்கு என்ன எழுதினீர்கள்?

செ.: பெனால்டி.

மு.: நினைத்தேன்.