நான்காம் வீட்டுக் கழிவுநீரும் சுகாதார வாரியத்துக்கு எழுதிய புகாரும்

சனிக்கிழமை

மூலை வீட்டுத் தம்பி, காலை 7:12
அனைவருக்கும் வணக்கம். நான்காம் வீட்டின் பின்சுவரை ஒட்டி இன்றும் கழிவுநீர் தேங்கி நிற்கிறது. இரண்டு வாரங்களில் மூன்று முறை சுகாதார வாரியத்துக்குப் புகார் அனுப்பிவிட்டேன். "நேரில் பார்வையிடப்பட்டது, தொல்லை ஏதும் காணப்படவில்லை" என்று ஒரே வாசகத்தை எழுதி மூன்றையும் முடித்துவிட்டார்கள். சன்னலைத் திறக்க முடியாமல் தவிக்கும் எங்களுக்கு இந்தப் பதில் மிகுந்த வேதனையைத் தருகிறது.

கிணற்று வீட்டு அம்மா, காலை 7:20
எனக்கும் அதே கவலைதான் தம்பி. எங்கள் கிணறு அந்தச் சுவரிலிருந்து பத்தடி தூரம்கூட இருக்காது. தண்ணீர் பார்வைக்குத் தெளிவாகத்தான் இருக்கிறது, வாடையும் இல்லை. இருந்தாலும் குடிக்கும்போது மனம் ஒப்பவில்லை.

ஆய்வாளர் ஐயா, காலை 7:41
தம்பி, புகாரில் என்ன எழுதினீர்கள் என்பதை அப்படியே இங்கே பதிவிட முடியுமா? வாரியத்தின் ஆய்வாளர் எந்த நேரத்தில் வந்து பார்த்தார் என்பதையும் சொல்லுங்கள்.

மூலை வீட்டுத் தம்பி, காலை 7:44
"எங்கள் தெருவில் சுகாதாரம் மிகவும் மோசமாக உள்ளது, உடனடியாக நடவடிக்கை எடுக்கவும்" என்று எழுதினேன் ஐயா. மூன்று முறையும் அவர்கள் வந்தது பகல் பதினொன்றரை மணிக்கு மேல். அந்த நேரத்தில் தண்ணீர் மண்ணில் ஊறி, ஈரத்தடம் மட்டுமே இருக்கும்.

ஆய்வாளர் ஐயா, காலை 8:15
நீங்கள் சொன்ன இரண்டு விவரங்களிலேயே காரணம் இருக்கிறது. பணியிலிருந்து ஓய்வு பெறும்வரை இப்படிப்பட்ட புகார்களைப் பார்ப்பதே என் வேலையாக இருந்ததால், அந்த ஆய்வாளரின் நிலையிலிருந்து சற்று விளக்க விரும்புகிறேன். வாரியம் தன் காதால் கேட்டதை வைத்து யார் மீதும் உத்தரவு பிறப்பிக்க முடியாது. அதன் அலுவலர் தன் கண்ணால் கண்டு, இடத்தையும் நேரத்தையும் குறித்து எழுதிய ஆய்வறிக்கை மட்டுமே உத்தரவுக்கு அடிப்படையாக நிற்கும். எதிர்த்தரப்பு நாளை விசாரணைக்கோ நீதிமன்றத்துக்கோ போனால், அந்த அறிக்கையில் இல்லாத எதுவும் அங்கே பேசாது. பதினொன்றரை மணிக்கு ஈரமண்ணை மட்டும் கண்ட ஒருவர், கழிவுநீர் தேங்கியிருந்தது என்று எழுதினால் அது பொய்ச்சான்று ஆகிவிடும். அவரைக் குறை சொல்வதைவிட, அவரைச் சரியான நேரத்தில் சரியான இடத்துக்கு வரவழைக்கும்படி நம் புகாரை எழுதுவதே பயன் தரும்.

ஆய்வாளர் ஐயா, காலை 8:22
இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். "தொல்லை" என்ற சொல்லை நாம் வீட்டில் பயன்படுத்தும் பொருள் வேறு, பொதுச் சுகாதாரச் சட்டங்களில் அதற்குள்ள பொருள் வேறு. நமக்கு எரிச்சலூட்டுவதெல்லாம் அங்கே தொல்லை ஆகாது. உடல்நலத்துக்குக் கேடு விளைவிப்பதா, விளைவிக்கக்கூடியதா என்பதைத்தான் அங்கே முதன்மையாகப் பார்ப்பார்கள். "விளைவிக்கக்கூடியது" என்ற அந்த ஒரு சொல் நமக்கு மிகவும் முக்கியம். யாராவது நோயில் விழுந்த பிறகுதான் வாரியம் வர வேண்டும் என்பதில்லை, நோய்க்கு வழி திறந்திருக்கிறது என்று காட்டினாலே போதும். கிணற்றுக்குப் பத்தடியில் கழிவுநீர் கசிகிறது என்ற செய்தி தம்பியின் மூன்று புகாரிலும் இல்லை. அதுதான் முதல் வரியாக வந்திருக்க வேண்டும்.

குழுச் செயலாளர், காலை 8:40
ஐயா, அப்படியானால் சங்கத்தின் சார்பில் ஒரே புகாராக எழுதிவிடலாமா? இரவில் நாய் குரைப்பது, வாகனங்களைக் குறுக்கே நிறுத்துவது, மரக்கிளை சுவரைத் தாண்டி வருவது, மொட்டைமாடித் தொட்டிகளில் கொசு உருவாவது என உறுப்பினர்கள் சொன்னவை பன்னிரண்டு இருக்கின்றன. எல்லாவற்றையும் சேர்த்துவிட்டால் ஒரே நடையில் முடிந்துவிடும் என்று நினைக்கிறேன்.

ஆய்வாளர் ஐயா, காலை 8:58
தயவுசெய்து அப்படிச் செய்ய வேண்டாம். பன்னிரண்டு குறைகளை ஒரே தாளில் எழுதினால், அவற்றில் எட்டு வாரியத்தின் அதிகாரத்துக்கு வெளியே இருப்பதைக் காரணம் காட்டி, மீதி நான்கும் வேறு துறைகளுக்குச் சுற்றத் தொடங்கிவிடும். வாகனம் நிறுத்துவதும் மரக்கிளையும் வாரியத்தின் வேலையே அல்ல. கொசு மட்டும் உண்மையாகவே அவர்களுடைய வேலை, ஆனால் அதைத் தனிப் புகாராக அனுப்புங்கள். வெப்பமான காலத்தில் முட்டை கொசுவாக மாற ஏழு முதல் பத்து நாள் போதும் என்பதால் அதற்கான அவசரம் வேறு, பார்க்க வருபவரும் வேறாக இருக்கலாம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டைகள் தொட்டியின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆகவே புகார் போகும் முன்பே அவரவர் தொட்டியைக் காலி செய்து, உட்சுவரைத் தேய்த்துக் கழுவிவிடுவது நல்லது.

நான்காம் வீடு, காலை 9:30
அனைவருக்கும் வணக்கம். அந்த வீட்டில் வாடகைக்குக் குடியிருப்பவள் நான்தான். இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேனே தவிர, எழுதத் துணிவு வரவில்லை. செப்டிக் டேங்க் நிரம்பிவிட்டது என்றும், பக்கச் சுவரில் விரிசல் இருக்கிறது என்றும் வீட்டு உரிமையாளரிடம் நான்கு மாதங்களாகச் சொல்லிவருகிறேன். "பார்க்கலாம்" என்பதைத் தவிர வேறு பதில் வரவில்லை. நோட்டீஸ் என் பெயருக்கு வந்துவிடுமோ என்றும், கோபத்தில் அவர் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுவாரோ என்றும் அச்சமாக இருக்கிறது. குழந்தைகளின் பள்ளி ஆண்டு இன்னும் முடியவில்லை.

கிணற்று வீட்டு அம்மா, காலை 9:34
பயப்படாதே அம்மா. உன்மேல் குற்றம் சொல்ல யாரும் இங்கே எழுதவில்லை. இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்த நாற்றத்துக்கு மிக அருகில் இருப்பவளே நீதான்.

மூலை வீட்டுத் தம்பி, காலை 9:36
அக்கா, உங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் புகார் அனுப்பியதற்கு வருந்துகிறேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஆய்வாளர் ஐயா, காலை 10:05
அம்மா, இதில் பொறுப்பு எவருடையது என்பதைப் பிரித்துப் பார்ப்பது வாரியத்தின் வழக்கமான பணிதான். குப்பையை வெளியே கொட்டுவது, சாக்கடை வாயை அடைக்கும்படி எதையாவது போடுவது போன்றவை குடியிருப்பவரின் செயலால் வருபவை. தொட்டியின் சுவர் வெடிப்பதும் குழாய் உடைவதும் கட்டுமானக் குறை, அதற்கான நோட்டீஸ் உரிமையாளருக்கே போக வேண்டும். உரிமையாளருக்கு நீங்கள் அனுப்பிய குறுஞ்செய்திகள் எதையும் அழிக்காதீர்கள். வாயால் மட்டும் சொல்லியிருந்தால், இன்றே நாள் குறிப்பிட்டு எழுத்தில் ஒருமுறை தெரிவித்துவிடுங்கள். காலி செய்யச் சொல்வார் என்ற அச்சத்தையும் நான் சிறிதாக நினைக்கவில்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், சுகாதார வாரியத்திடம் முறையிட்ட ஆறு மாதத்துக்குள் குடியிருப்பவரை வெளியேற்ற முனைந்தால், அது பழிவாங்கல் என்றே சட்டம் முதலில் கருதும். அப்படியில்லை என்று நிரூபிக்கும் சுமை உரிமையாளர் மேல் விழும். வாடகைக்கு இருப்பவர் வாய் திறக்க முடியாத வீட்டில்தான் சுகாதாரக் கேடு நீண்ட காலம் மறைந்திருக்கும் என்பதை அறிந்தவர்கள் எழுதிய விதி அது. நம் புகாரில் உங்கள் கையெழுத்து தேவையில்லை. அக்கம்பக்கத்தார் நாங்கள் கையெழுத்திடுகிறோம், ஆய்வாளர் வரும்போது கதவைத் திறந்து உண்மையைச் சொன்னால் போதும்.

குழுச் செயலாளர், காலை 10:20
நல்லது ஐயா. எத்தனை பேர் கையெழுத்திட வேண்டும்?

ஆய்வாளர் ஐயா, காலை 10:48
பாதிக்கப்பட்ட ஒருவர் எழுதினாலே போதுமானது. ஆனாலும் பலர் சேர்ந்து எழுதுவதற்கு நீண்ட வரலாறு உண்டு. இங்கிலாந்தில் 1848ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம் உள்ளூர்ச் சுகாதார வாரியங்களை அமைக்க வழி செய்தபோது, வரி செலுத்துவோரில் பத்தில் ஒரு பங்கினர் மனு கொடுத்தால் ஓர் ஊருக்கு வாரியம் கிடைக்கலாம் என்று வைத்தார்கள். மனுவே இல்லாமல் வாரியத்தைத் திணிக்க வேண்டுமானால், அந்த ஊரின் இறப்பு விகிதம் ஏழு ஆண்டுச் சராசரியில் ஆயிரத்துக்கு 23ஐத் தாண்டியிருக்க வேண்டும். அந்த எண்ணை எட்டும்வரை பிணங்களை எண்ணிக்கொண்டிருந்த ஊர்களை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. இப்போது நமக்கு வேண்டியது நான்கு கையெழுத்தும் ஒரு நல்ல பத்தியும்தான். என் வரைவை அனுப்புகிறேன், திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்.

"நான்காம் எண் வீட்டின் பின்சுவரை ஒட்டி, நாள்தோறும் காலை 6 மணி முதல் 8 மணி வரை கழிவுநீர் வெளியேறித் தேங்குகிறது, 10 மணிக்குள் மண்ணில் ஊறிவிடுகிறது. அவ்விடத்திலிருந்து ஏறத்தாழ பத்தடி தூரத்தில் குடிநீர்க் கிணறு ஒன்று பயன்பாட்டில் உள்ளது. ஆகவே காலை 7 மணியளவில் நேரில் ஆய்வு செய்து, கசிவின் மூலத்தைக் கண்டறியவும், கிணற்று நீரைப் பரிசோதிக்கவும் வேண்டுகிறோம். நாளும் நேரமும் தெரியும் படங்கள் ஏழு இணைக்கப்பட்டுள்ளன. முந்தைய புகார் எண்கள் மூன்றும் கீழே தரப்பட்டுள்ளன."

மூலை வீட்டுத் தம்பி, காலை 10:55
ஐயா, "உடனடியாகக் கடும் நடவடிக்கை எடுக்க வேண்டும்" என்ற வரி இல்லையே?

ஆய்வாளர் ஐயா, காலை 10:59
வேண்டுமென்றேதான் விட்டேன் தம்பி. கிணறும் பத்தடியும் காலை ஏழு மணியும் அந்த அவசரத்தைச் சொல்லிவிடும்.

செவ்வாய்க்கிழமை

நான்காம் வீடு, காலை 9:10
வாரியத்தின் ஆய்வாளர் சரியாக 7:05க்கு வந்தார். மிகவும் மரியாதையாகப் பேசினார். கழிப்பறையில் பச்சை நிறச் சாயத்தை ஊற்றி, பலமுறை தண்ணீர் விடச் சொன்னார். நாற்பது நிமிடத்தில் பின்சுவரின் அடியில் பச்சைத் தண்ணீர் வந்தது. படம் எடுத்து, நேரம் குறித்து, என்னிடமும் காட்டிவிட்டு எழுதினார். நான் உரிமையாளருக்கு அனுப்பிய செய்திகளையும் பார்த்துக்கொண்டார்.

கிணற்று வீட்டு அம்மா, காலை 9:18
எங்கள் கிணற்றிலிருந்தும் சிறிய கிருமிநீக்கிய புட்டியில் தண்ணீர் எடுத்து, குளிர்பெட்டியில் வைத்துக்கொண்டு போனார். முடிவு நாளை மறுநாள் தெரியுமாம். பச்சை நிறம் கிணற்றில் எங்குமே தெரியவில்லை. அதனால் தண்ணீர் நன்றாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாமா ஐயா?

ஆய்வாளர் ஐயா, காலை 9:50
எடுத்துக்கொள்ளக் கூடாது அம்மா. சாயம் மண்ணில் தங்கிவிடலாம், கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் கரைந்தும் போகலாம். அது தெரியாததால் கிணறு தூய்மையானது என்று ஆகிவிடாது. முடிவு வரும்வரை, குடிப்பதற்கும் சமையலுக்கும் எடுக்கும் தண்ணீர் கொதி வந்த பிறகு ஒரு நிமிடமாவது தளதளவென்று கொதிக்கட்டும்.

தெளிவான தண்ணீரை நம்பியதால் நேர்ந்த பெரும் துயரம் ஒன்று உண்டு. 1854இல் இலண்டன் பிராட் தெருவில் காலரா பரவியபோது, அந்தத் தெருவின் கைப்பம்புத் தண்ணீர் சுவையானது என்று மக்கள் விரும்பிக் குடித்துவந்தார்கள். மருத்துவர் ஜான் ஸ்னோ இறந்தவர்களின் வீடுகளைக் கணக்கெடுத்துப் பம்பைச் சுட்டிக்காட்டிய பிறகு, உள்ளூர் நிர்வாகம் செப்டம்பர் 8ஆம் நாள் அதன் கைப்பிடியைக் கழற்றியது. பெரும்பாலோர் அறிந்த கதை இதோடு முடிந்துவிடும். ஒரு சுகாதார ஆய்வாளனாக என் மனத்தில் தங்கியிருப்பது அதற்குப் பின் நடந்ததுதான். நோய் தணிந்ததும் கைப்பிடியைத் திரும்பப் பொருத்திவிட்டார்கள். அடுத்த ஆண்டு தோண்டிப் பார்த்தபோது, 40ஆம் எண் வீட்டின் கழிவுக் குழி அந்தப் பம்பின் கிணற்றிலிருந்து மூன்றடிக்கும் குறைவான தூரத்தில், செங்கற்கள் சிதைந்து கசிந்துகொண்டிருந்தது. கைப்பிடியைக் கழற்றுவது ஒரு நாள் வேலை, குழியின் சுவரைக் கண்டுபிடித்து அடைப்பதுதான் உண்மையான வேலை. இன்று காலை நான்காம் வீட்டில் அந்தச் சாயம் செய்தது இரண்டாவது வேலையைத்தான்.

வியாழக்கிழமை

கிணற்று வீட்டு அம்மா, மாலை 4:02
முடிவு வந்துவிட்டது. தண்ணீரில் ஈ.கோலி இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். இத்தனை நாள் என் பேரனுக்கு அதைத்தான் கொடுத்துவந்தேன். கை நடுங்குகிறது. கிணற்றில் குளோரின் போட்டுவிட்டால் சரியாகிவிடுமா?

ஆய்வாளர் ஐயா, மாலை 4:09
அமைதியாக இருங்கள் அம்மா. ஈ.கோலி இருக்கிறது என்றால் மலம் கலந்த நீர் கிணற்றுக்குள் வருகிறது என்று பொருள், குழந்தைக்கு நோய் வந்துவிட்டது என்று பொருள் அல்ல. வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ இருந்தால் உடனே மருத்துவரிடம் இந்த முடிவைக் காட்டுங்கள். கசிவு நிற்கும் முன் குளோரின் போடுவதால் பயன் இல்லை, மறுநாளே மீண்டும் கலந்துவிடும். முதலில் தொட்டி, அதன் பிறகு கிணறு. அதுவரை குடிநீரை வேறு வீட்டிலிருந்து எடுத்துக்கொள்வதே நல்லது.

மூலை வீட்டுத் தம்பி, மாலை 4:11
பாட்டி, எங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீரை இன்றிலிருந்து காலையும் மாலையும் நானே இரண்டு குடம் கொண்டுவந்து வைக்கிறேன்.

குழுச் செயலாளர், மாலை 6:30
வாரியத்தின் உத்தரவு நகல் கிடைத்திருக்கிறது. உரிமையாளர் 24 மணி நேரத்துக்குள் தொட்டியைக் காலி செய்து கழிவுநீர் வெளியேறுவதை நிறுத்த வேண்டும், 21 நாளுக்குள் சுவரைப் பழுதுபார்க்க வேண்டும். உத்தரவை ஏற்காவிட்டால் ஏழு நாளுக்குள் எழுத்தில் விசாரணை கோரலாம். எதுவும் செய்யாவிட்டால் வாரியமே பணியை முடித்துச் செலவை அவரிடம் வசூலிக்கும் என்றும் குறிப்பிட்டிருக்கிறார்கள்.

மூலை வீட்டுத் தம்பி, மாலை 6:33
இந்த நகலை மற்ற குழுக்களிலும் பகிரட்டுமா? அவர் பெயர் எல்லோருக்கும் தெரியட்டும்.

ஆய்வாளர் ஐயா, மாலை 6:41
வேண்டாம் தம்பி. விசாரணை கேட்கும் உரிமை அவருக்கு இன்னும் இருக்கிறது. அவரை அவமானப்படுத்தினால் அந்தக் கோபம் முதலில் நான்காம் வீட்டு வாசலில்தான் வந்து நிற்கும். உத்தரவு எண்ணையும் 21ஆம் நாளையும் மட்டும் நாட்காட்டியில் குறித்து வையுங்கள். பல புகார்கள் தோற்றுப்போவது மறு ஆய்வு நாளில்தான். மேலே சிமெண்ட் பூசிவிட்டு வேலை முடிந்தது என்று சொல்லிவிடுவார்கள். அன்றும் காலை ஏழு மணிக்கே வரும்படியும், சாயத்தை மீண்டும் ஊற்றிப் பார்க்கும்படியும் நாம் எழுத்தில் கேட்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை

நான்காம் வீடு, காலை 8:20
உரிமையாளர் நேற்றிரவு அழைத்தார். முதலில் கோபமாகத்தான் பேசினார், கிணற்றுத் தண்ணீரின் முடிவைச் சொன்னதும் சிறிது நேரம் பேசவில்லை. தொட்டியைக் காலி செய்யும் வண்டி இன்று பத்து மணிக்கு வருகிறது. சந்தில் நிறுத்தியிருக்கும் வாகனங்களை அதற்குள் எடுத்துவிட முடியுமா? அந்த வண்டி திரும்புவதற்கு இடம் போதாது.

குழுச் செயலாளர், காலை 8:22
ஒன்பதரைக்குள் சந்து காலியாகிவிடும் அம்மா. மறு ஆய்வுக்கான கடிதத்தை இன்றே எழுதிவிடுகிறேன், ஐயா ஒருமுறை பார்த்துத் தர வேண்டும்.

ஆய்வாளர் ஐயா, காலை 8:25
அனுப்புங்கள். தொட்டி காலியானதும், மூடும் முன், விரிசல் தெரியும்படி வெளியிலிருந்தே ஒரு படம் எடுத்து வையுங்கள். உள்ளே விஷவாயு இருக்கும் என்பதால் எவரும் எட்டிக்கூடக் குனிய வேண்டாம், எந்தக் காரணம் கொண்டும் மனிதர் யாரும் உள்ளே இறங்கக் கூடாது. வண்டியில் வருபவர்களிடமும் இதைச் சொல்லிவிடுங்கள். பத்து மணிக்கு நானும் அங்கே வந்துவிடுகிறேன்.