‘தூக்கு’ என்று மட்டும் தலைப்பு போட்டால் வாசகருக்கு என்ன புரியும்?

பாம்பன் படிப்பகம்:
பிள்ளைகளுக்கு நாளிதழ் வாசிக்கப் பழக்குகிறோம். 2014 அக்டோபர் 30-ல் தங்கச்சிமடம் மீனவர்கள் 5 பேருக்குக் கொழும்பில் மரண தண்டனை விதித்த செய்தியை எடுத்திருக்கிறோம். இதற்கு ‘மீனவர்களுக்குத் தூக்கு’ என்று தலைப்பு வைக்கலாமா? வேறு எந்தச் சொற்களைக் கவனிக்கணும்?

மண்டபம் மெய்ப்பு:
வைக்கக் கூடாதுங்க. ‘தூக்கு’ என்றால் தீர்ப்பா, நிறைவேற்றமா என்று தெரியாது. வீட்டு ஆள் கடலிலோ சிறையிலோ இருக்கும் ஊரில் அந்த ஒரு சொல் வயிற்றைக் கலக்கிவிடும். ‘தூக்குத் தண்டனை விதிப்பு’ என்று போட்டால் இரண்டு சொல்தான் கூடும். இலங்கையில் 1976-க்குப் பிறகு யாரையும் தூக்கிலிடவில்லை. அந்த வரி முதல் பத்தியிலேயே வரணும். அந்த 5 பேரும் அதே நவம்பரில் பொதுமன்னிப்பில் விடுதலையானார்கள்.

தொண்டி வாசகன்:
நீதிமன்றப் பெயரையும் பாருங்க. தண்டனை விதித்தது அங்குள்ள மேல் நீதிமன்றம், அதாவது விசாரணை நீதிமன்றம். நம்ம பத்திரிகைகள் அதை ‘உயர் நீதிமன்றம்’ என்று எழுதிவிடும். இலங்கைத் தமிழில் உயர் நீதிமன்றம் என்றால் உச்ச நீதிமன்றம்! அக்கரை வானொலி கேட்கிறவர், மேல்முறையீட்டுக்கே வழியில்லை என்று நினைத்துவிடுவார்.

‘தூக்கு ரத்து’ இன்னொரு கண்ணி. 2014 பிப்ரவரி 18-ல் ராஜீவ் வழக்கில் மூவரின் தண்டனையை உச்ச நீதிமன்றம் ஆயுளாகக் குறைத்தது. ‘ரத்து’ என்று மட்டும் படித்தவர் விடுதலை என்றே எடுத்துக்கொள்வார்.

கீழக்கரை:
எனக்கு வினைமுற்றுதான் முக்கியம். ‘தூக்கிலிடப்பட்டான்’, ‘தூக்கிலிடப்பட்டார்’ இரண்டில் ஒன்றை எழுதியாகணும். அந்த ஓர் எழுத்திலேயே பத்திரிகை தன் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறது. 2012-ல் கசாப், 2013-ல் அப்சல் குரு, 2015-ல் யாகூப் மேமன் செய்திகளை வெவ்வேறு நாளிதழ்களில் எடுத்து, இந்த விகுதியை மட்டும் பென்சிலால் வட்டமிடச் சொல்லுங்க. ‘தண்டனை நிறைவேற்றப்பட்டது’ என்று எழுதினால் ன்-ர் சிக்கல் தீரும். ஆனால் செத்த மனுஷனே வாக்கியத்தில் இருக்க மாட்டார். எனக்கு ‘அரசு தூக்கிலிட்டது’தான் நேர்மையான வாக்கியம், செய்தது யார் என்று அதில் தெரிகிறது.

மண்டபம் மெய்ப்பு:
ஒன்று விட்டுப்போச்சு. ‘தூக்கிட்டு’ என்பது தற்கொலைச் செய்தியில் வருகிற சொல். அவசரத்தில் ‘லி’ விட்டுப்போனால் ‘தூக்கிலிட்டு’ என்பது ‘தூக்கிட்டு’ ஆகிவிடும். மெய்ப்பில் இதைத் தனியாக ஒருமுறை தேடணும்.