தவிலின் தொப்பிச் சத்தத்தை விழுங்கும் அம்ப்ளிஃபயர்: உதவி தேவை

வணக்கம் உறவுகளே, நான் திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறேன். அப்பாவின் பழைய அம்ப்ளிஃபயரில் நாதஸ்வரம் கணீரென்று கேட்கிறது. தவிலின் ஆழ்ந்த ஒலி தரும் தொப்பிப் பக்கம் மட்டும் அமுங்கிப் போகிறது.

ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு 8 ஓம் தடையைப் பூட்டி, போனிலிருந்து சைன் அலை கொடுத்து அளந்தேன். 400 ஹேர்ட்ஸில் 4 வோல்ற். 200 வரை பெரிய மாற்றமில்லை. 100இல் 3.6, 50இல் 2.8, அதாவது 3 டெசிபெல் இறக்கம். போனின் வெளியீட்டைத் தனியாக அளந்தேன், அது 50இலும் குறையவில்லை.

உள்ளீட்டுக் கப்பாசிற்றர் மேல்தான் சந்தேகம். உப்புக்காற்றில் அதன் ஒரு கால் பச்சை பிடித்திருக்கிறது. ஆனால் ஃபீட்பேக் பாதையில் (வெளியீட்டில் ஒரு பகுதியைத் திருப்பி உள்ளே கொடுக்கும் பாதை) இருக்கும் கப்பாசிற்றர் கெட்டாலும் இப்படித்தான் பாஸ், அதாவது தாழ்ந்த ஒலி, குறையும். எதை முதலில் கழற்றிப் பார்ப்பது?

அப்புறம், 400க்கு மேல் என் மல்ரிமீற்றரை நம்ப முடியாது. திருகோணமலையில் யாரிடமாவது, அலையின் வடிவத்தைத் திரையில் காட்டும் ஒஸிலோஸ்கோப் இருக்கிறதா? சதுர அலை கொடுத்தால் மேல்தட்டு சரிகிறதா (தாழ்ந்த ஒலி குறைகிறது), மூலை மழுங்குகிறதா (உயர்ந்த ஒலி குறைகிறது) என்று உடனே தெரிந்துவிடும். ஒரு மணி நேரம் போதும், பெட்டியை நானே தூக்கி வருகிறேன். கோயில் திருவிழாவுக்குள் இதைச் சரிசெய்து கொடுக்க வேண்டும்.