கோதுமைச் சபை போனதாலதான் சஸ்காச்சுவானில காணி விலை ஏறினதோ?

பனிக்காடு:
வணக்கம். நான் ஸ்காபரோவில இருக்கிறன். மச்சானும் நானும் சேர்ந்து மேற்குக் கனடாவில இருக்கிற சஸ்காச்சுவான் மாகாணத்தில ஒரு குவார்ட்டர், அதாவது 160 ஏக்கர், வாங்கிக் குத்தகைக்கு விடுவமோ எண்டு யோசிக்கிறம். முந்தி அந்தப் பக்கத்துக் கமக்காரர் கோதுமையைக் கனடாக் கோதுமைச் சபை எண்ட அமைப்புக்குத்தான் விக்க வேணும். மச்சான் ஒரே பாட்டைத்தான் பாடுறார்: "2012 ஓகஸ்ட் 1 இல கோதுமைச் சபையின்ர ஏகபோகத்தை எடுத்தாங்கள். கமக்காரன் விரும்பின ஆளுக்கு விக்கலாம் எண்டு வந்துது. 2013 இல மட்டும் அங்க காணி விலை 28 சதவீதத்துக்கு மேல ஏறிட்டுது. கட்டுப்பாட்டை எடுத்தால் காணி ஏறும், அவ்வளவுதான்." எனக்கு உது அவ்வளவு லேசான விசயமாத் தெரியேல்லை. சந்தையைத் திறந்துவிட்டால் ரயில் கூலிக்கு என்ன நடக்கும்? கூலிக்கும் காணிக்கும் என்ன தொடர்பு? அந்தப் பக்கம் வேலை செய்த ஆக்கள் ஆரும் இருந்தால் சொல்லுங்கோ.

தட்டுக்காரன்:
தம்பி, சஸ்காச்சுவான் தலைநகர் ரெஜைனாவுக்குத் தெற்கால ஒரு எலிவேட்டரில, அதாவது தானியத்தை வாங்கிச் சேத்து வைச்சு ரயிலில ஏத்திற களஞ்சியத்தில, பதினெட்டு வருசம் லொறி நிறுக்கிற தட்டில நிண்டனான். சபை இருந்த காலமும் பாத்தனான், போன பிறகும் பாத்தனான்.

கமக்காரன் லொறியைத் தட்டில ஏத்துவான். நிறுத்து, குழாயால மாதிரி உறிஞ்சி, ஈரமும் புரதமும் பாத்து ஒரு துண்டு அடிச்சுக் குடுப்பம். சபைக் காலத்துத் துண்டில மேல முதற் கொடுப்பனவு நிக்கும். கீழ கழிவு: தொன்னுக்கு ரயில் கூலி இவ்வளவு, எலிவேட்டர் கட்டணம் இவ்வளவு, துப்புரவாக்கிற செலவு இவ்வளவு. மிச்சம் கமக்காரன்ர கைக்கு. பிறகு சபை எல்லாற்ற கோதுமையையும் ஒரே கணக்கில போட்டு வித்து, மீதிக் காசைப் பங்கிட்டு அனுப்பும். 2012க்குப் பிறகு துண்டில ஒரே ஒரு விலைதான். கிழவர் ஒருத்தர் அதைக் கையில வைச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்திட்டு, "கூலியை எடுத்திட்டாங்களோ?" எண்டு என்னட்டக் கேட்டவர். எடுக்கேல்லை, விலைக்குள்ள ஒளிச்சுக்கொண்டுது. துறைமுக விலைக்கும் எங்கட வாசலில குடுக்கிற விலைக்கும் நடுவில இருக்கிற அந்த இடைவெளியைத்தான் பேசிஸ் எண்டுறது.

இனிக் கேளும். 2013 அறுவடை ஒருத்தரும் காணாத அறுவடை, நாட்டின்ர கோதுமை மட்டும் 37 மில்லியன் தொன்னுக்கு மேல. பிறகு அந்தக் குளிர். ரயில் பெட்டி வரேல்லை. எங்கட தொட்டியெல்லாம் வாய்வரைக்கும் நிரம்பிப்போச்சு. நாப்பது தொன்னுக்கு மேல ஏத்திக்கொண்டு வந்த சூப்பர் பி லொறியளை வாசலிலேயே மறிச்சுத் திருப்பி அனுப்பினனான். தெரிஞ்ச சனத்துக்கு முகம் குடுக்கேலாமல் போச்சு. வயலில வெறும் நிலத்தில கோதுமையைக் குவிச்சு வைச்சிருந்தவை.

அப்ப ரயில்காரன் கூலியைக் கூட்டினவனோ? இல்லை, கூட்டேலாது. மேற்குத் தானியத்தில சி.என்., சி.பி. எண்ட இரண்டு ரயில் கம்பனியும் எடுக்கிற வருமானத்துக்கு 2000 ஆம் ஆண்டிலேயே உச்சவரம்பு போட்டாச்சு. கூலி பெரிசா அசையேல்லை, பேசிஸ்தான் வாயைப் பிளந்துது. வான்கூவர் துறைமுகத்தில கப்பல் காத்துக்கிடக்கு, இஞ்ச களஞ்சியம் நிறைஞ்சு கிடக்கு, வாங்கிறவனுக்கு என்ன அவசரம்? கடைசியில 2014 மார்ச்சில ஒட்டாவா, அதாவது மத்திய அரசு, உத்தரவு போட்டுது: இரண்டு கம்பனியும் ஆளுக்குக் கிழமைக்கு 5 லட்சம் தொன் ஏத்த வேணும் எண்டு.

சபை இருந்திருந்தால் ரயில் வந்திருக்கும் எண்டு சொல்ல மாட்டன், குளிருக்குச் சபையைத் தெரியாது. ஆனா அந்த இடைவெளிக் காசில பெரும்பங்கு கம்பனியளிட்டப் போகாமல் பொதுக் கணக்குக்குள்ள வந்திருக்கும் எண்டதுதான் என்ர எண்ணம். 2011 இல சபை நடத்தின வாக்கெடுப்பில கோதுமைக்காரரில 62 சதவீதம் ஏகபோகம் இருக்கட்டும் எண்டவை. ஒட்டாவா கணக்கில எடுக்கேல்லை.

கணக்கப்பிள்ளை:
வின்னிபெக்கில் கமக்காரருக்கு வரிக் கணக்குப் பார்க்கிறேன். காணி பற்றிய பகுதியை நான் சொல்கிறேன்.

கூலிக்கும் காணிக்கும் தொடர்பு உண்டென்று அரசாங்கமே காசோலை எழுதி ஒப்புக்கொண்டிருக்கிறது. 1897 இல் வந்த குரோஸ் நெஸ்ட் ஒப்பந்தத்தால் மேற்குத் தானியத்துக்குப் பல தலைமுறையாக மலிவுக் கூலி இருந்தது. 1983 இல் அது மாறிய பிறகும் அரசு ரயில் கம்பனிகளுக்கு மானியம் கொடுத்து வந்தது. 1995 ஓகஸ்ட் 1 இல் அதையும் நிறுத்தினார்கள். நட்டஈடாகக் கொடுத்த 1.6 பில்லியன் டொலர் யாருக்குப் போனது தெரியுமா? காணிச் சொந்தக்காரருக்கு. கூலி ஏறினால் விழப்போவது காணி விலை என்று கணக்குப் போட்டிருந்தார்கள்.

கணக்கு லேசானது. ஏக்கருக்கு ஏறக்குறைய ஒரு தொன், அதாவது 37 புசல், கோதுமை என்று வையுங்கள். வாசல் விலை தொன்னுக்கு 10 டொலர் நிரந்தரமாகக் குறைந்தால், ஏக்கருக்கு வருடத்தில் 10 டொலர் போச்சு. காணியில் 5 சதவீத வருவாய் எதிர்பார்க்கிறவர் அந்த ஏக்கருக்கு 200 டொலர் குறைத்துத்தான் கேட்பார். உங்கள் 160 ஏக்கருக்கு 32,000 டொலர். 'நிரந்தரமாக' என்பதுதான் முக்கியம். 2014 போல ஒரு வருட அடியைக் காணி விலை தாங்கிக்கொள்ளும்.

மச்சானிடம் ஒன்று கேளுங்கள். அந்தச் சபையின் ஏகபோகம் மேற்கு மாகாணங்களுக்கு மட்டும்தான். அப்படியிருக்க 2012 இல் நீங்கள் இருக்கிற ஒன்ராறியோவில் விவசாயக் காணி சஸ்காச்சுவானை விட வேகமாக ஏறியது ஏன்? சபையே இல்லாத அமெரிக்க அயோவாவிலும் அந்த வருடங்களில் விலை உச்சத்துக்குப் போனது. தானிய விலை உயர்ந்திருந்தது, வங்கி வட்டி படுத்திருந்தது. சஸ்காச்சுவானில் காணி முன்பு மலிவாகக் கிடந்ததும் ஒரு காரணம். சபை போனதில் காணிக்கு ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லவில்லை, ஆனால் 28 சதவீதத்தையும் அதன் தலையில் கட்டினால் என் தொழிலுக்கே வெட்கம்.

வடக்குவாசல்:
மாகாணத்துச் சராசரியைப் பாத்துக் காணி வாங்காதேங்கோ. வடகிழக்குச் சஸ்காச்சுவானுக்குச் சேர்ச்சில் துறைமுகம் கிட்ட. அந்தத் துறைமுகத்தைக் கூடுதலாப் பாவிச்சது சபைதான். சபை போன பிறகு, வான்கூவரிலயும் தண்டர் பேயிலயும் சொந்தக் களஞ்சியம் வைச்சிருக்கிற கம்பனியள் ஏன் சேர்ச்சிலுக்கு அனுப்பப்போகினம்? 2016 இல தானிய ஏற்றுமதி நிண்டுது, 2017 வெள்ளத்தில ரயில் பாதையும் அடிபட்டுது. பிறகு திரும்பத் திறந்தவை. சந்தையைத் திறந்தது எல்லாக் காணிக்கும் ஒரே மாதிரி வேலை செய்யேல்லை எண்டுறதுக்குத்தான் சொல்லுறன்.

பனிக்காடு:
எல்லாருக்கும் நன்றி. மச்சானுக்கு வாசிச்சுக் காட்டினன். ஒன்ராறியோக் கதையோட ஆள் அமைதி. இப்ப வரைபடத்தை விரிச்சு வைச்சு ரயில் பாதை தேடுறார். நாங்கள் பாத்த குவார்ட்டரிலயிருந்து கிட்டடி எலிவேட்டர் 70 கிலோமீட்டர். அது தூரமோ அண்ணை?

தட்டுக்காரன்:
சின்ன எலிவேட்டர் எல்லாம் இடிச்சுப்போட்டு நூறு பெட்டி ஒண்டா ஏத்திற பெரிய எலிவேட்டர் கட்டினாப் பிறகு, 70 புதினமில்லை. ஆனா அந்த லொறிச் செலவு ஒரு துண்டிலயும் வராது, குத்தகைக்காரன் உம்மட்டக் குத்தகையில கழிச்சுக் கேப்பான். அதை விட முக்கியம், அந்த எலிவேட்டர் ஆற்ற பாதையில நிக்குது? சி.என்.னோ சி.பி.யோ? சுத்துவட்டாரத்தில மற்றக் கம்பனியின்ர பாதையில இன்னொண்டு இருக்கோ? பாத்துச் சொல்லும். மச்சானுக்குக் குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ இருக்குத்தானே? இல்லாட்டி அந்த மாகாணத்தில 10 ஏக்கருக்கு மேல வாங்கேலாது.