பழைய ரேடியோ கடைப் பெட்டி: வால்வு, ஜெர்மேனியம், கேங் கண்டென்சர் எதற்கு ஆகும்?

மொகல்தெரு ரேடியோ:
யாங்கோன்ல பழைய ரிப்பேர் கடை ஒண்ணைக் காலி பண்ணினதுல ரெண்டு பெட்டி சாமான் வந்திருக்கு. யூசிஎச்81, யூபிஎஃப்89, யூசிஎல்82, யூஒய்85 வால்வுகள் (கண்ணாடிக் குழல்), ஓசி71, ஏசி128, ஏஎஃப்117 ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர்கள், ஓஏ79 டயோடு, ரெண்டு அடுக்கு கேங் கண்டென்சர் (ஸ்டேஷன் மாத்தத் திருகுற தகடு), மெழுகு பூசின பேப்பர் கண்டென்சர் நிறைய. எடைக்குப் போட மனசு வரலை. கரண்ட் இருக்கிற நேரம் கம்மி, பெரும்பாலும் 12 வோல்ட் பேட்டரிதான். எதை வெச்சு என்ன செய்யலாம், அண்ணன்மாரே?

பெகு சால்டர்:
முதல்ல மெழுகுக் கண்டென்சரை எல்லாம் தனியா எடுத்துக் குப்பைக்கு ஒதுக்குங்க தம்பி. பெட்டி பிரிக்காத புதுசா இருந்தாலும் வேண்டாம். நம்ம ஊர் மழைக்கு உள்ளே இருக்கிற காகிதம் ஈரம் இழுத்திருக்கும். மீட்டர்ல வெச்சா போட்டிருக்கிற மதிப்பைவிடக் கூடுதலா காட்டும். அது நல்லா இருக்குன்னு அர்த்தமில்லை, லீக்கேஜ், அதாவது உள்ளே கரண்ட் கசியுது. அதைக் கப்ளிங் இடத்துல (ஒரு வால்விலிருந்து அடுத்ததுக்கு சிக்னல் போற இடம்) போட்டா அவுட்புட் வால்வோட கிரிடுக்கு (கரண்டைக் கட்டுப்படுத்துற வலை) பாசிட்டிவ் ஏறி, பிளேட் சிவந்து, கடைசியில டிரான்ஸ்பார்மரும் போகும். அந்த இடத்துக்கு 0.01 மைக்ரோ ஃபேரட், 630 வோல்ட் பாலியஸ்டர் போதும்.

கேங்கும் ஓஏ79-ம் சேர்ந்தா பேட்டரியே இல்லாத மீடியம் வேவ் ரேடியோ. 50 மி.மீ. பிவிசி குழாய்ல 0.5 மி.மீ. எனாமல் கம்பி 65 சுற்று, நெருக்கமா. சுமார் 180 மைக்ரோ ஹென்றி வரும். 500 பிக்கோ ஃபேரட் அடுக்கு ஒண்ணு போட்டா 530 கிலோ ஹெர்ட்ஸ்ல ஆரம்பிக்கும். டயோடை காயில் உச்சியில கட்டாதீங்க, எர்த் பக்கத்திலிருந்து 20-ஆவது சுற்றுல டேப் (நடுவிலிருந்து ஒரு இணைப்பு) எடுங்க. உச்சியில கட்டினா காயிலை அது இழுத்து, ஸ்டேஷன் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கலந்து கேக்கும். கிரிஸ்டல் இயர்போன்னா குறுக்கே 47 கிலோ ஓம் வேணும், இல்லாட்டி டயோடுக்கு டிசி போக வழியில்லை. மொபைல் இயர்போன் நேரா வேலை செய்யாது. வால்வு செட்டோட அவுட்புட் டிரான்ஸ்பார்மர்ல பிரைமரியை டயோடு பக்கம், செகண்டரியை இயர்போன் பக்கம் கொடுங்க. ஏரியல் 15 மீட்டராவது இருக்கணும். இடி மழைன்னா கழட்டி வெளியே போட்டுடுங்க.

கேங்கைச் சுத்திக்கிட்டே ஓம் மீட்டர்ல பாருங்க. எங்கயாவது முள் துள்ளினா அந்த இடத்துல தகடு உரசுதுன்னு அர்த்தம்.

மோல்மேன் ஷார்ட்வேவ்:
ஏசி128-க்குத்தான் இன்று மதிப்பு. கிடார்காரர்கள் ஃபஸ் பெடலுக்கு (கிடார் ஒலியைக் கரகரப்பாக்கும் கருவி) தேடுவார்கள், ஆனால் சோதித்துப் பிரித்த ஜோடியாகக் கேட்பார்கள். 9 வோல்ட் பேட்டரி, எமிட்டர் பிளஸில், கலெக்டரிலிருந்து 2.4 கிலோ ஓம் வழியாக மைனஸ். பேஸை எதிலும் தொடாமல் விட்டு, அந்த ரெசிஸ்டர் மீது வோல்ட் பாருங்கள். 0.24 வோல்ட் என்றால் லீக்கேஜ் 100 மைக்ரோ ஆம்பியர். அடுத்து பேஸிலிருந்து மைனஸுக்கு 2.2 மெகா ஓம். கூடுதலாக ஏறும் வோல்ட்டை 100-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய கெயின் (டிரான்சிஸ்டர் கரண்டை எத்தனை மடங்காக்குகிறது). பெடலின் முதல் நிலைக்கு 70–80, இரண்டாவதற்கு 110–130 நன்றாக ஒலிக்கும். லீக்கேஜ் 300 மைக்ரோ ஆம்பியரைத் தாண்டியவற்றை ஒதுக்கிவிடுங்கள். மலிவு டெஸ்டரை நம்பவேண்டாம். லீக்கேஜையும் கெயினாகக் கூட்டி 250 என்று காட்டும்.

விரலால் பிடித்தாலே அளவு ஏறும், ஒரு நிமிடம் ஆறவிடுங்கள். 10 டிகிரி சூட்டுக்கு லீக்கேஜ் ஏறத்தாழ இரட்டிப்பு. திஞ்சான் (பர்மியப் புத்தாண்டு, ஏப்ரல்) வெயிலில் தகரக் கூரைக்குக் கீழ் உட்கார்ந்து பிரித்தால் நல்லதும் கெட்டதாகத் தெரியும். விடியற்காலையில் பாருங்கள்.

ஓசி71 உள்ளே கண்ணாடி, மேலே கறுப்புப் பெயின்ட். பழைய வகையில் பெயின்டைச் சுரண்டினால் வெளிச்சத்தை உணரும் ஃபோட்டோ டிரான்சிஸ்டர். டிவி ரிமோட்டின் இன்ஃப்ராரெட்டும் அதற்குத் தெரியும். பிற்கால ஓசி71-இல் உள்ளே ஒளி புகாத பசை அடைத்துவிட்டார்கள், அவை உதவாது.

ஏஎஃப்117-க்கு நாலு கால். டப்பாவுக்குள் ஈய மயிர் வளர்ந்து உலோகக் கூட்டோடு ஷார்ட் ஆகும். கூட்டோடு இணைந்த ஷீல்டு காலை மட்டும் வெட்டினால் பல சமயம் ரேடியோ பேசிவிடும்.

சிரியம்காரன்:
ஈய மயிர் இல்லை ஐயா, அது வெள்ளீயம். மற்றபடி சொன்னது சரி.

வால்வைப் பற்றி யாரும் எழுதலையே. யூ வரிசை எல்லாம் 100 மில்லி ஆம்பியர், ஹீட்டர்கள் (வால்வைச் சூடாக்கும் இழைகள்) தொடராக. நாலின் ஹீட்டர் வோல்ட் 19, 19, 50, 38 கூட்டினால் 126 வோல்ட். 230-இல் மீதி 104-ஐக் குறைக்க 1,040 ஓம், அதிலேயே 10 வாட்டுக்கு மேல் சூடு. பேட்டரி இன்வெர்ட்டரில் ஹீட்டருக்கு மட்டும் 23 வாட், கட்டுபடியாகாது. வாட் மிச்சம் என்று 1.65 மைக்ரோ ஃபேரட் கண்டென்சரை டிராப்பராக (ரெசிஸ்டருக்குப் பதில் வோல்ட்டைக் குறைக்க) போடுவோர் உண்டு. மெயின்ஸில் ஓடும், ஆனால் சதுர அலை இன்வெர்ட்டரில் கரண்ட் ஏறி ஹீட்டர் போகும். இந்த செட்களில் சேஸிஸ் (உலோகச் சட்டம்) நேரே மெயின்ஸில். இரட்டைக் கால் பிளக்கைத் திருப்பிச் சொருகினால் சேஸிஸில் 230 வோல்ட். புதுசாக எதுவும் கட்டாமல், செட் வைத்திருப்பவர்களுக்கு ஸ்பேராகக் கொடுங்கள்.

மொகல்தெரு ரேடியோ:
நன்றி அண்ணே. வால்வு டெஸ்டர் இல்லாம நல்லதைப் பிரிக்க வழி?

சிரியம்காரன்:
நாலுக்கும் ஹீட்டர் 4, 5-ஆம் காலில். ஓம் மீட்டரில் தொடர்பு இருக்கவேண்டும். யூசிஎல்82 எரியும்போதுதான் 500 ஓம், ஆறியிருக்கும்போது வெகு குறைவாகக் காட்டும்; அது பழுதல்ல. கண்ணாடிக்குள் வெள்ளிப் பூச்சு பால் வெள்ளையாகியிருந்தால் காற்று புகுந்துவிட்டது, தூக்கிப் போடுங்கள். எழுத்தைத் துணியால் துடைக்காதீர்கள், நம்பர் அழிந்துபோகும்.